சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சூப்பர்வைசருக்கு

கேள்வி இது: "ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஸ்டிச்சிங் லைனில் ஆறு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். ஆறு மாசத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் கீழே 32 பேர். எல்லாருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் அதே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஆபீசில் ஒரு நாள் வகுப்பு வைத்து, 'ஆட்களை அதட்டாதீங்க, கோச்சிங் பண்ணுங்க' என்றார்கள். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் செய்வது?"

தம்பி, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று 22 வருஷமாக இந்தத் தோல் வேலையில்தான் இருக்கிறேன். நானும் உங்களைப் போல மெஷினில் உட்கார்ந்து ஆரம்பித்தவள். இப்போது புதிதாக வரும் சூப்பர்வைசர்களைத் தயார் செய்வது என் வேலை. நீங்கள் கேட்டதை அவர்களில் பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் வேலையில் ஒரு கஷ்டம் உண்டு, அது உங்களுக்கே தெரியும். துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்துத் தைத்தால் பழைய ஓட்டை பல்லிளிக்கும், அந்த அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ரிஜெக்ட். அதாவது தப்பு நடந்த பிறகு நீங்கள் போய் நின்று பேசும் எந்தப் பேச்சும் அந்த ஜோடியைக் காப்பாற்றாது. அடுத்த ஜோடியில் ஊசி இறங்கும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், தைக்கிற அக்கா மட்டும்தான் இருப்பார். அந்த நேரத்தில் அவர் தானாக யோசித்துச் சரியாக முடிவெடுக்கிறாரா என்பதுதான் எல்லாம். கோச்சிங் என்று ஆபீசில் சொன்னதற்கு நான் கண்ட அர்த்தம் அதுதான். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அவரைத் தயார் செய்வது.

ஒரு லைனில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி, நாற்பது வயது இருக்கும், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வருகிறவர். ஷூவின் மூக்குப் பகுதி வளைவில் தையல் ஓரத்தை விட்டு விலகிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டரில் போக வேண்டிய தையல், வளைவு வந்ததும் இரண்டு, இரண்டரை என்று ஓடிவிடும். அந்த லைன் சூப்பர்வைசர் தினமும் போய், "கவனமா தைங்கக்கா" என்று சொல்லியிருக்கிறார். அவரும் தினமும், "சரிப்பா" என்றிருக்கிறார். மூன்று வாரம் இப்படியே போனது.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் எதுவும் பேசவில்லை, கையை மட்டும் பார்த்தேன். அப்புறம் கேட்டேன், "அக்கா, எந்த இடத்துல விலகுதுன்னு உங்களுக்குத் தெரியுதா?" அவர் ஒரு பீஸை எடுத்து, வளைவு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். "இங்கதான். இங்க வந்தா ரோலர் தூக்குது. நான் இழுத்துப் புடிச்சாதான் போவுது." விரலால் தடவிப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் தோல் தடிப்பாக இருந்தது. ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் ஸ்கைவிங் மெஷினில், வளைவு வரும்போது சீவல் குறைந்துகொண்டிருந்தது. தப்பு இரண்டு டேபிள் முன்னால் இருந்திருக்கிறது. அவருக்கு அது தெரியும். மூன்று வாரமாக அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கோச்சிங் என்றதும் எதிரில் இருப்பவரிடம் ஏதோ குறை இருக்கிறது, அதை நாம் திருத்தப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் முதலில் எல்லாரும் போகிறார்கள். அந்த எண்ணத்தோடு போனால் ஸ்கைவிங் கண்ணில் படவே படாது. முதலில் பாருங்கள். மெஷின் சரியா, வருகிற பீஸ் சரியா, வெளிச்சம் சரியா, ஊசி முனை மழுங்கியிருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் தப்பு வந்தால்தான் ஆளிடம் பேச வேண்டிய விஷயம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு வரும் தப்பையும், காலை ஒன்பது மணிக்கு வரும் தப்பையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. மூன்று மணித் தப்புக்குத் தண்ணீரும் காற்றும்தான் முதல் மருந்து.

சரி, ஆளிடம் பேச வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. எப்படிப் பேசுவது?

"ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் தமிழில் "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்பது கேள்வியாகவே காதில் விழாது. சின்ன வயதிலிருந்து வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அடி விழுவதற்கு முன்னால் கேட்ட வார்த்தை அது. கேட்டதும் மனசு காரணம் தேட ஆரம்பித்துவிடும், அல்லது வாய் மூடிக்கொள்ளும். அதே விஷயத்தை "எந்த இடத்துல", "எப்போலேர்ந்து", "அப்ப கை எங்க இருந்துச்சு" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பார்வை தன் மேலிருந்து நகர்ந்து பீஸின் மேல் போகும். அங்கேதான் விடை இருக்கிறது.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வது இன்னும் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அப்புறம் அவர்களே பேசிவிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீளமாயின, யோசித்த பதில்களாயின, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிதான்! ஆனால் டார்கெட் போர்டைப் பார்த்துக்கொண்டே நிற்பவருக்கு அது மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். நான் மனசுக்குள் எண்ணுவேன். சில பேரிடம் பத்து வரை எண்ண வேண்டியிருக்கும்.

அடுத்தது, "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "புரிஞ்சுது". புரியாதவரும் அதையே சொல்வார், அது மரியாதைக்காகச் சொல்வது. "ஒரு பீஸ் தச்சுக் காட்டுங்க, நான் பாக்கறேன்" என்றால் இரண்டு நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

வகுப்பில் உங்களுக்கு GROW என்ற நான்கு எழுத்துச் சூத்திரம் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் 1990-களில் பரப்பியது, முதலில் கார் பந்தய வீரராக இருந்தவர். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு கேள்விகள் அது. நல்ல சூத்திரம்தான். ஆனால் லைனில் நின்றுகொண்டு நான்கையும் வரிசையாகக் கேட்டால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். எனக்கு அதில் கடைசிக் கேள்விதான் பெரிய உதவி. நிறையப் பேச்சு நன்றாக நடந்து, கடைசியில் "சரி, பாத்துக்கறேன்" என்று முடிந்து, மறுநாள் ஒன்றும் மாறியிருக்காது. "எப்போ செய்யப் போறீங்க?" என்று கேட்டு, "வளைவு வர்றதுக்கு ரெண்டு தையல் முன்னாடியே பெடல்ல காலை லேசாக்கிடறேன்" என்ற அளவுக்கு அவர் வாயாலேயே வந்துவிட்டால், அது கையில் நிற்கும். நீங்கள் சொன்னால் நிற்காது. இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஆனால் இந்தக் கேள்வி கேட்கும் முறை எல்லாருக்கும் பொருந்தாது. இங்கேதான் பல பேர் வழுக்கிவிடுகிறார்கள். நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் போய், "நீயே யோசிச்சுச் சொல்லும்மா" என்பது கொடுமை. அவள் எதை வைத்து யோசிப்பாள்? புதிதாக வந்தவருக்குச் செய்து காட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமே இல்லாத ஆட்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரமாக வேலை பழக்குவதற்கு, சூப்பர்வைசர்களின் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன அட்டையில் நான்கு படிகளை எழுதிக் கொடுத்தார்கள். முதலில் ஆளின் பயத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். அப்புறம் வேலையைத் துண்டு துண்டாகச் செய்து காட்டு. அப்புறம் அவரைச் செய்ய விடு, செய்துகொண்டே ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறார் என்று உனக்கே விளக்கச் சொல். அப்புறம் தனியாக விட்டு, அடிக்கடி போய்ப் பார், பிறகு போவதைக் குறைத்துக்கொள். போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போய் அங்கே ஆழமாக வேர் விட்டது. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம், இதுதான் அந்தப் பயிற்சியின் அடிப்படைப் பேச்சு. உங்கள் "சொல்லித்தான் கொடுக்கிறேன்" என்ற வரியைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. சொல்வதற்கும் அது அவர் கையில் போய்ச் சேருவதற்கும் நடுவில், அவர் செய்து நீங்கள் பார்க்கும் ஒரு படி இருக்கிறது. அவசரத்தில் அதைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறோம்.

இதில் வேலூர்க்காரர்களுக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1918-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அங்கே சி.எம்.சி. என்ற பெரிய ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தவர்கள் காலை ரவுண்ட்ஸைப் பார்த்திருப்பார்கள். பெரிய டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, தானே சொல்லிவிடாமல், கூட வந்த சின்ன டாக்டரிடம் கேட்பார். அவர் நோயாளியைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, யோசித்துப் பதில் சொல்வார். வகுப்பில் படித்தது கட்டில் பக்கத்தில்தான் அவர்களுக்கு வேலையாக மாறுகிறது. நமக்குக் கட்டில் என்பது மெஷின். கேபினுக்குக் கூப்பிட்டுப் பேசினால் பீஸும் இருக்காது, ஊசியும் இருக்காது, கையும் இருக்காது. பேச்சு மட்டும்தான் இருக்கும்.

தோல் வெட்டும் கிளிக்கிங் பிரஸ்ஸில் கை உள்ளே போகிறது, சொல்யூஷன் (பசை) டப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ தீ பற்ற வைக்கிறார்கள் என்றால் கோச்சிங்கும் கிடையாது, கேள்வியும் கிடையாது. "நிறுத்து" என்று கத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது திட்டுவதைப் பற்றி. 1996-ல் குளூகர், டிநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன நடக்கிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்ட அளவீடுகள். சராசரியாக வேலை முன்னேறியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இதே கதைதான். "சூப்பர்க்கா, நீங்கதான் லைன்லயே பெஸ்ட்" என்பதில் அவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பக்கத்து மெஷின்காரருக்கு மனசு வாடும். "வளைவுல வேகத்தைக் குறைச்சீங்க, ஓரம் முழுக்க ஒரே சீரா வந்திருக்கு பாருங்க" என்று சொன்னால், நாளைக்கும் எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம், ஒரு பெண்ணை லைன் நடுவில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். ஊசி உடைந்ததைச் சொல்ல வந்தவளை, "இந்த வாரத்துல எத்தினி ஊசி உடைப்பே?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் என் லைனில் ஊசி உடைவதே நின்றுவிட்டது போல இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். பத்து நாள் கழித்து ஃபினிஷிங்கிலிருந்து பெட்டி பெட்டியாக அப்பர் திரும்பி வந்தது. மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டே தைத்திருக்கிறார்கள், தோல் கிழிந்து கிழிந்து வந்திருக்கிறது. அவள் மட்டும் இல்லை, அன்றைக்கு அதைப் பார்த்த அத்தனை பேரும் என்னிடம் சொல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த லைனில் மறுபடி ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஊசி போச்சு" என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். ஆனாலும் அவ்வளவு காலம் ஆனது.

பின்னால் ஒரு ஆய்வைப் படித்தபோது இது எனக்கு விளங்கியது. ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நல்ல குழுக்களில்தான் கணக்கில் தவறு அதிகமாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் தவறைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் காரணமாகத் தெரிந்தது. உங்கள் லைனில் யாருமே உங்களிடம் பிரச்சினை என்று வருவதில்லை என்றால், அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். இருக்கிற நேரத்தை வைத்துத்தான் பேசுகிறேன். நம் ஆட்களை வேலை முடிந்து நிறுத்திவைத்துப் பேச முடியாது. குடியாத்தம் பஸ், மாதனூர் பஸ் எல்லாம் கிளம்பிவிடும். பஸ் போனால் ஒரு பெண் இருட்டில் எப்படி வீட்டுக்குப் போவாள்? சாப்பாட்டு நேரத்தையும் தொடாதீர்கள், அது அவர்களுடையது. காலையில் முதல் ஒரு மணி நேரக் கணக்கு எழுதியதும் பத்து நிமிஷம் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர். வாரத்துக்கு ஆறு நாள் என்றால், 32 பேரையும் ஒரு சுற்று முடிக்க ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். தினமும் தப்பான பீஸ்களைச் சரி செய்யும் ரீவொர்க் டேபிளில் நின்று நீங்கள் கழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இது கொஞ்சம்தான்.

நீங்கள் இளம் ஆண், லைனில் பெரும்பாலும் பெண்கள் என்று நினைக்கிறேன். யாரையும் தனி அறைக்குக் கூப்பிடாதீர்கள். எல்லார் கண்ணிலும் படும் இடமாக, யார் காதிலும் விழாத தூரமாக இருக்கட்டும். மெஷின் சத்தம் அதற்கு உதவும். நேற்று வரை உங்களைத் தம்பி என்று கூப்பிட்டவர்கள் இன்று சார் என்பார்கள். நீங்கள் அக்கா என்பதை விட்டுவிடாதீர்கள், உங்களைவிடச் சின்னவரையும் "நீங்க" என்றே கூப்பிடுங்கள். சொந்தக்காரர், ஒரே தெருக்காரர் லைனில் இருந்தால் அவரிடம் முதலில் போகாதீர்கள், மற்றவர்கள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மொழியும் ஒரு விஷயம். என் அப்பா காலத்தில் எல்லாம் வடாற்காடு, 2019-லிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டம். ஆனால் லைன் ஒன்றுதான். அதில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் இருக்கிறார், உருது பேசுகிறவர் இருக்கிறார், இப்போது வடக்கிலிருந்து வந்த பையன்களும் இருக்கிறார்கள். தமிழில் எல்லாரும் வேலையை ஓட்டிவிடுவார்கள். ஆனால் தன் கஷ்டத்தைச் சொல்ல வீட்டு மொழிதான் வரும். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உருது சரியாக வராது. "கஹான்?" என்று கேட்டு பீஸை நீட்டுவேன், அவர்கள் விரலை வைப்பார்கள். பல நேரம் அதுவே போதும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். அவர் என்ன செய்து பார்க்கிறேன் என்று சொன்னாரோ, அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மூன்று நாள் கழித்துப் போய் அதை மட்டும் கேளுங்கள். "ரெண்டு தையல் முன்னாடியே லேசாக்கறேன்னீங்களே, எப்படி வருது?" நீங்கள் ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்பதே அவருக்குப் பெரிது. ஆனால் அந்த நோட்டு ஆபீசுக்குப் போகக் கூடாது. சம்பள உயர்வு நேரத்தில் யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு முறை போனாலும், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் புரொடக்ஷன் மேனேஜரிடமும் ஒன்று கேட்டுவையுங்கள். அவர் தினமும் உங்களிடம் வந்து "எத்தனை ஜோடி?" என்று மட்டும் கேட்டால், நீங்களும் கீழே அதையேதான் கேட்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் உங்கள் பக்கத்தில் நின்று, நீங்கள் ஒருவரிடம் பேசுவதைப் பார்க்கட்டும். பிறகு உங்களிடம், "எந்த இடத்துல அவங்க பதில் சொல்றதை நிறுத்தினாங்க?" என்று கேட்கட்டும். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். அதனால்தான் இன்றைக்கு இதை எழுத முடிகிறது.

நாளைக்கு யாரிடம் ஆரம்பிப்பது? ரொம்ப மோசமாகத் தைக்கிறவரிடம் வேண்டாம். அவரிடம் முதலில் போனால், உங்கள் ஸ்டூலைப் பார்த்தாலே லைன் முழுக்க அது தண்டனை என்று நினைக்கும். நன்றாகத் தைக்கிற ஒரு அக்காவிடம் போய் உட்காருங்கள். "வளைவுல நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கையைப் பாருங்கள்.